பத்துக்கு மூன்று

என் தொழிலின் முதல் விதி, சொன்னதை மட்டும் சொல்வது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பதினேழு வருடமாக ஆக்லாந்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிக்கொடுப்பவள் நான். யுவனேஸ்வரி என்று பெயர். ஊர் ஈப்போ, வீடு மவுண்ட் ஆல்பர்ட். அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள். இராசமலர் அக்கா அந்தப் பெருமையைக் கெடுத்துவிட்டார்.

அவர் கதையை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றட்டுமா என்றதற்கு வேண்டியதில்லை என்றார். "எழுதுங்கோ பிள்ளை. ஆனா என்னைப் பாவம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றார். எனக்கும் அப்படி எழுத வராது. அவர்மேல் பரிதாபப்பட்டதைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம்.

அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வன்னியில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, போர் முடியும்வரை அங்கேயே இருந்தவர். கணவர் செல்வரத்தினம் அதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டார். 2011-இல் மனைவியையும் மகள் வித்தியாவையும் ஆக்லாந்தின் தெற்கே, பாபடோயிட்டோய்க்கு அழைத்துக்கொண்டார். வந்த மூன்றாம் மாதமே அக்காவுக்கு விமான நிலையத்தை ஒட்டிய சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. விமானத்தில் நமக்கு நீட்டுகிறார்களே சாப்பாட்டுத் தட்டு, அதில் ரொட்டியையும் வெண்ணெய்ப் பொட்டலத்தையும் அதனதன் இடத்தில் வைக்கும் வேலை. நகரும் பட்டைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கணவர் மாரடைப்பில் போன பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை.

2016-இல் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், அதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். பதினைந்து இருபது வருடம் தாங்கும் என்று சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஆறாம் மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பரிசோதனைக்கு அழைப்பார்கள். இந்த ஊரில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் நானே போய்ச் சேர்ந்தேன். அக்கா வரும் கோலம் எப்போதும் ஒன்றுதான்: இஸ்திரி போட்ட சட்டை, காகிதங்கள் அடுக்கிய பிளாஸ்டிக் கோப்பு, நெற்றியில் சின்னத் திருநீற்றுக் கீற்று. டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். உட்காருங்கள் என்று அவர்கள் கெஞ்சினாலும், டாக்டர் உட்கார்ந்த பிறகுதான் தானும் உட்காருவார். டாக்டருக்கும் வாத்தியாருக்கும் எழுந்து நின்று பழகிய உடம்பு அது.

பிறகு நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்பார். பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய வலிகளிலேயே மோசமானது. உங்கள் வலி எத்தனை?

முதல் தடவை அக்கா சிறிது நேரம் யோசித்தார். பொய் சொல்பவர் அவ்வளவு நேரம் யோசிக்கமாட்டார். "மூண்டு" என்றார். நானும் மூன்று என்று சொன்னேன். அடுத்த வருடமும் மூன்று. அதற்கடுத்த வருடமும் மூன்று.

எனக்குக் கண் இல்லாமல் இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வரும்போது சுவரைத் தொட்டுத் தொட்டு வருவதைப் பார்த்தேன். காத்திருக்கும் அறையில் இடது பக்கமாக ஒருக்களித்து உட்காருவதைப் பார்த்தேன். டாக்டர் வரும்போது எழுந்து நிற்க, நாற்காலியின் கையை அவர் பிடிக்கும் பிடியில் விரல் நுனி வெளுத்துப்போவதையும் பார்த்தேன். இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்வது என் வேலையில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

2023-இல் ஒரு நாள், வேலைத்தலத்தில் கரண்டித் தட்டோடு திரும்பியவரால் வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், இடுப்பு எலும்புக்குள் பதித்த செயற்கை மூட்டின் கிண்ணம் கழன்று சாய்ந்து கிடந்தது. அதை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய எலும்பும் சுற்றிலும் கரைந்துகொண்டிருந்தது. இதே வகை மூட்டு சீக்கிரமே கழன்று வந்த இன்னும் இரண்டு பேரைத் தான் பார்த்திருப்பதாக அறுவை டாக்டர் சொன்னார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். "கொஞ்ச நாளா" என்றார் அக்கா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நாளாக என்றுதான் ஆங்கிலத்திலும் சொன்னேன்.

நம் ஆட்கள் பலருக்கு இந்த நாட்டின் ஏற்பாடு புரிவதில்லை. உடம்புக்கு வந்த காயத்துக்காக மூட்டு செய்த கம்பெனியை நீதிமன்றத்துக்கு இழுத்து நஷ்ட ஈடு வாங்குவதெல்லாம் இங்கே நடக்காது. அதற்குப் பதிலாக அரசாங்கமே ஒரு இழப்பீட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. உள்ளே பொருத்திய கருவி பழுதாகிக் காயம் வந்தால் அதை அந்தத் திட்டம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நாளாக நாளாக இயல்பாகத் தேய்ந்ததென்றால் ஏற்காது. எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: மூட்டு ஆரம்பத்திலேயே கெட்டதா, அல்லது உழைத்துத் தேய்ந்ததா?

டாக்டர் விண்ணப்பத்தை எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டால் சீக்கிரமே மறு அறுவைக்கு வழி கிடைக்கும். இல்லாவிட்டால் பொது வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கே ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் எலும்பு மேலும் கரைந்துவிட்டால் புதிய கிண்ணத்தைப் பதிக்க இடமே இருக்காது, மிச்சக் காலத்துக்குச் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதை அக்காவிடம் சொல்லவேண்டிய வாயும் என்னுடையதுதான்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்த பரிசோதனைக்கு வித்தியா கூட வந்திருந்தாள். பாட்டனி டவுன்ஸ் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். தாயோடு பாதி ஆங்கிலத்திலும் பாதி யாழ்ப்பாணத் தமிழிலும் பேசுவாள். நிராகரித்த கடிதத்தை நடைக்கூடத்திலேயே எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆறு வருடக் குறிப்புகளில் வலி பத்துக்கு மூன்று. நாற்காலியிலிருந்து துணையின்றி எழுகிறார். முழுநேரமும் நின்று செய்யும் வேலையில் இருக்கிறார். ஆகவே மூட்டு ஆறு வருடம் ஒழுங்காக வேலை செய்து, பிறகு தேய்ந்தது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கடிதத்தில் ஒரு வரிகூடத் தப்பில்லை. முன்னால் இருந்த காகிதத்தைப் படித்து யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அந்தக் காகிதத்தில் இருந்த மூன்றையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னது நான்.

"ஆன்ட்டி, நீங்கள்தானே எல்லாத்துக்கும் நிண்டனீங்கள். அம்மா உண்மையா மூண்டு எண்டுதான் சொன்னவாவோ?"

ஆமாம் என்றேன்.

"எத்தினை தரம்?"

ஏழு தரம் என்றேன். அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது, விதிப்படி நடந்தவளுக்கு என்ன குறை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை.

முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்க மூன்று மாத அவகாசம் உண்டு. வித்தியா வக்கீல் வைக்காமல் தானே எழுதிப் போட்டாள். தாயின் வேலைத்தலத்துக்குப் போய் மேற்பார்வையாளர் நல்லசாமியைப் பிடித்தாள். கரூர்க்காரர், வாய்த்துடுக்கு உண்டு, மனம் நல்லது. அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அக்கா பட்டையில் நிற்கும் வேலையைக் கைமாற்றிக்கொண்டு, கத்தியையும் முள்கரண்டியையும் துணியில் சுற்றிக் கட்டும் மேசைக்குப் போய்விட்டார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த மேசைக்கு முக்காலி உண்டு. மகாராணிக்குச் சிம்மாசனம் கேட்கிறது என்று நல்லசாமியே கேலி செய்திருக்கிறார். அதை நினைத்து இப்போது வருத்தப்பட்டவர், பழைய வேலைப் பட்டியல்களையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தார். அறுவை நடந்து ஐந்தாம் மாதத்திலிருந்து அக்காவின் பெயர் முக்காலி மேசையில் இருந்தது.

விசாரணை போன வருடம் ஜூலையில், நகரத்தில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், பிற்பகல் ஒன்றரைக்கு. வெளியே மழை. நீள மேசை, ஒரு தண்ணீர்க் கூஜா, இழப்பீட்டு அலுவலகத்தின் ஆள் திரையில். மறுபரிசீலனை அதிகாரி, ஐம்பது வயது மதிக்கத்தக்க அமைதியான பெண், கதவைத் திறந்து உள்ளே வந்தார். அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றார். வித்தியா கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலைப் பட்டியலை அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: இது எனக்குப் புரிகிறது, ஆனால் இதே மாதங்களில்தான் டாக்டரிடம் மூன்று என்று சொல்லியிருக்கிறீர்கள். நிற்க முடியாத ஒருவர் ஏன் மூன்று என்று சொன்னார்? குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பும் குரல். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். வித்தியா தாயைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் இருந்தது.

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்து எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்."

எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுபவரின் குரலாகவே, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே நானும் சொன்னேன், பத்து என்னவென்று எனக்குத் தெரியும் என்று.

2009 சித்திரை மாதம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பெஞ்சுகளை நெருக்கிப் போட்டதுதான் அறுவை மேசை. தங்கை சுகந்தினியின் இடது காலில் ஷெல் துண்டு பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காலை எடுக்காவிட்டால் ஆள் தங்காது. மயக்க மருந்து முடிந்துபோய்விட்டது. யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அக்கா தங்கையின் தோள்மேல் படுத்துக்கொண்டு பிடித்தார். இதை ஒவ்வொரு வாக்கியமாக அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியமாக நான் சொன்னேன். ஈப்போவில் பிறந்து, வாழ்நாளில் கொதி எண்ணெய் பட்டதைத் தவிர ஒரு காயமும் அறியாத நான், என் தங்கையை நான் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

"அவள் கத்தேல்லை. பக்கத்திலை ஒரு சின்னப் பொடியன், அடுத்தது அவனுக்கு. அவன் பயந்திடுவான் எண்டு என்ரை சட்டையைக் கடிச்சுக்கொண்டு கிடந்தவள். அதுதான் பத்து. அதை நான் என்ரை கையாலை பிடிச்சனான். பிறகு இஞ்சை வந்து, சுத்தமான அறையிலை, உனக்கு எவ்வளவு நோ எண்டு கேட்டால், நான் என்னெண்டு சொல்லுறது? மூண்டே கூடிப்போச்சோ எண்டுதான் ஒவ்வொரு முறையும் நினைச்சனான்."

முதல் பாதியைச் சொன்னேன். சட்டையைக் கடித்துக்கொண்டு என்ற இடத்தில் மேலே சொல்லாமல் நிறுத்திவிட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நிமிடம் தேவை என்று, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்தேன். அக்கா என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மிச்சத்தைச் சொன்னேன்.

வித்தியாவுக்கு அப்போது பதினொரு வயது. சித்திக்குக் கால் போனது தெரியும். அந்த அறையில் தன் தாய் நின்றது தெரியாது. பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைப் பார்த்திராவிட்டால், உங்கள் இடுப்புக்கு எத்தனை சொல்லியிருப்பீர்கள்? இதற்கு ஒரு எண் சொன்னால் போதும், காப்பாற்றிவிடலாம் என்று எனக்கே தோன்றியது. ஏழு என்று சொல்லுங்கள், அக்கா, எட்டு என்று சொல்லுங்கள் என்று மனம் அடித்துக்கொண்டது.

"அது தெரியாது, அம்மா. நான் பாத்திட்டன்தானே" என்றார் அக்கா.

மூன்று மணிக்கு மேல் கீழே வந்தோம். வாசலில் மழை விடவில்லை. வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பது எங்களுக்கு இன்னொரு விதி. நான் கிளம்பவில்லை, அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வித்தியா கோபத்தில் இருந்தாள். தாய் தடுத்ததைக் கேட்காமல் கிளிநொச்சிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். அங்கே காலை எட்டரை. சுகந்தினி தையல் கடை திறக்கும் நேரம். நடந்ததை வித்தியா ஒரே மூச்சில் கொட்டினாள்.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"அக்கா, அது என்ரை பத்து. என்ரை காலிலை வந்தது. உங்களை ஆர் அதைத் தூக்கிக்கொண்டு திரியச் சொன்னது?" குரலில் கோபம் இருந்தது. "எனக்கே இப்ப அது பத்தில்லை. மழை வந்தால் ரெண்டு, மூண்டு. நீங்கள்தான் இன்னும் பத்திலை பிடிச்சு வைச்சிருக்கிறியள். உங்கடை காலைக் கேட்டால் உங்கடை காலைச் சொல்லுங்கோ."

அக்கா போனை வாங்கினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் அழுததைப் பார்த்தேன். பதினைந்து வருடம் கேட்காமல் வைத்திருந்த ஒன்றைக் கேட்டார். தான் அப்படி இறுக்கிப் பிடித்தது நொந்ததா என்று.

"நீங்கள் பிடிச்ச இடம் மட்டும்தான் நோகேல்லை, அக்கா" என்றாள் சுகந்தினி.

வேலைப் பட்டியலையும் அக்கா சொன்னதையும் வேறொரு நிபுணரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டுவிட்டு, ஏழு வாரம் கழித்து அதிகாரி முடிவு எழுதினார். மூட்டு ஆரம்ப மாதங்களிலேயே பழுதாகியிருக்கிறது. இது தேய்மானம் அல்ல. பழைய முடிவு செல்லாது. வலியைக் குறைத்துச் சொன்னதை, வலி குறைவாக இருந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஒரு வரி இருந்ததாம். அந்த வரியை வித்தியா தாய்க்கு மூன்று விதமாகத் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். திருப்தி வராமல் எனக்குப் போன் செய்து கேட்டாள். ஆமா, நீ சொன்னதே சரிதான், அம்மாவுக்குப் புரியும் என்று சொன்னேன்.

அறுவைக்கு முந்திய பரிசோதனை அக்டோபரில். வழக்கம்போல இஸ்திரி போட்ட சட்டை, பிளாஸ்டிக் கோப்பு, திருநீறு. எலும்பு போதிய அளவு இருக்குமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. கதவு திறந்தது. டாக்டரும் பின்னால் நர்ஸும் உள்ளே வந்தார்கள். அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே நாற்காலியின் கைகளுக்குப் போயின. உடம்பு பாதி எழுந்தது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு அவர் மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்துகொண்டார். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள், எழும்ப ஏலாமல் இருக்கிறது என்றார். அதைச் சொன்னேன். டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார். பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடியதிலேயே மோசமானது. நான் தமிழில் சொன்னேன். அக்கா முதல் தடவை யோசித்ததைவிட அதிக நேரம் யோசித்தார். தன் வலது தொடையில் கையை வைத்து, எங்கோ தொலைவில் யாரிடமோ அனுமதி கேட்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு" என்றார்.

எட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். விதிப்படி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆனால் என் குரல் அந்த அறைக்குத் தேவையானதைவிட உரத்துவிட்டது. நர்ஸ் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.